பொட்டலத்தில் போன வஞ்சகர்கள்

சென்னை,
6-5-1973

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுந்தர்ராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். மெஸ் சாப்பாட்டைத் தின்றும் சுகமாக இருக்கிறேன் என்றால் கிருபை பெரியதுதான். நீயும் ரூபிக்குட்டியும் சுகந்தானே?

இதைக் கொண்டுவருபவர் கையில் ஒரு கட்டும் கொடுத்திருக்கிறேன். பயப்படாதே, நாவல். பெயர் ‘மின்னல் வாங்கியவர்கள்’. லாரி ஆபீஸ் வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் மூன்று வருஷமாக இதற்குத்தான் போயிற்று. மலையடிவாரத்து ஊர் ஒன்றில், மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கிய நாலு பேர் மேல் மின்னல் விழுகிறது. சாகவில்லை. ஆளுக்கு ஒரு சக்தி வந்துவிடுகிறது. ஒரு வியாபாரி பார்த்தாலே தராசுத்தட்டு அவன் நினைத்தபடி இறங்கும். ஒரு வக்கீலுக்கு மூடிய கதவுக்குப் பின்னால் பேசுவதெல்லாம் கேட்கும். ஒரு கவுன்சிலர் நினைத்த நேரம் மறைந்துபோவான். ஒரு ஜோசியன் எந்தப் பொய்யைச் சொன்னாலும் கேட்டவன் நம்பிவிடுவான். நாலு பேருமாக ஊரை உரித்துத் தின்கிறார்கள். ஒருவன் நெஞ்சிலும் ஈரம் கிடையாது.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு தாள். வேறு படி இல்லை, கார்பன் வைத்து எழுத எனக்குப் பொறுமை போதாது. படித்துவிட்டு உள்ளதைச் சொல்.

அத்தான் கண்ணில் மட்டும் பட வேண்டாம். ரூபியின் ஞானஸ்நான விருந்தில் என் கதையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “மாப்ள, தாளு நல்ல மொத்தமா இருக்கு. பொட்டலம் மடிக்கத் தோதுதான்” என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். பிரியாணியைத் தொடாமல் பஸ் ஏறினேன். ஆறு வருஷமாக உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவராகக் கூப்பிடாமல் இனியும் மிதிக்கமாட்டேன்.

உன் தம்பி,
சுந்தர்ராஜ்


அல்லிநகரம்,
27-5-1973

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா சொர்ணலதா ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் சுகம். ரூபிக்கு முன்பல் ஆடுகிறதாம், தானே ஆட்டி ஆட்டி ஊருக்கெல்லாம் காட்டுகிறாள்.

உன் நாவலை வீட்டில் வைத்துப் படிக்க வழியில்லை. மத்தியானம் அத்தான் கண்ணயரும் நேரம் பார்த்து, கடைக்குப் பின்னால் கிட்டங்கியில் மிளகாய் மூட்டை மறைவில் உட்கார்ந்து படித்தேன். எட்டு நாள் தும்மினேன். படித்து முடிக்காமல் எழுந்திருக்க மனசில்லை என்பதும் நிஜம். அந்த வக்கீல் பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே பேசுவதைக் கேட்கும் இடத்தில் உடம்பு கூசிவிட்டது.

ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கெட்டவர்கள் கெட்டவர்களாகவே எழுந்து கெட்டவர்களாகவே படுக்கிறார்கள். அந்தத் தராசுக்காரனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அவன்தானே துடைக்க வேண்டும்? அதைக் காணோம்.

அத்தான் விஷயத்தை விடு. அவருக்கு நாக்குதான் காரம், உனக்கு ரோஷம் காரம். நடுவில் நான் ஒருத்தி. கட்டை ஒளித்து வைத்துவிட்டேன். அவர் தலைகீழாக நின்றாலும் அங்கே தேடமாட்டார்.

அன்பு அக்கா,
சொர்ணலதா


சென்னை,
19-6-1973

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், முழுச் சுகம். ரூபியின் பல் விழுந்ததா?

அக்கா, ஒரு பதிப்பகத்தாரிடம் கதையை வாயாலேயே சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் கைப்பிரதி வந்தால் டிசம்பரில் புத்தகம் என்கிறார். உடனே பதிவுத் தபாலில் அனுப்பு. லாரி ஆபீஸில் இன்று மூன்று ரசீதில் தேதி தப்பாகப் போட்டுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

நீ சொன்ன குறையை யோசித்தேன். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அக்கா. அந்த இடம் எனக்கு எழுத வரவில்லை.

உன் தம்பி,
சுந்தர்ராஜ்


அல்லிநகரம்,
28-6-1973

பிரியமுள்ள சந்தனம்மாளுக்கு,

உன் சிநேகிதி சொர்ணலதா. உன் மூட்டுவலி தேவலையா? போடியில் கடை எப்படி ஓடுகிறது? இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

சந்தனம், நான் ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். தம்பியின் நாவலை இவர் கண்ணில் படாமல் ஒளிக்க வேண்டியிருந்தது. தாளை எங்கே ஒளிப்பது? தாளுக்குள்தான் என்று என் மூளை சொல்லிற்று. வருஷாவருஷம் பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்து விடைத்தாளை வாங்கி, பொட்டலத்துக்கு என்று கிட்டங்கியில் அடுக்குவோமே, அந்தக் கட்டுகளுக்கு நடுவே செருகினேன். அதே அளவுத் தாள், அதே மாதிரி சணல்.

நேற்று எடுக்கப் போனால் கட்டைக் காணோம். கடைக்கு ஓடிவந்து பார்த்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் பிரிந்து கிடக்கிறது. இவர் வக்கீலைக் கூம்பாக உருட்டி அதற்குள் கால் கிலோ மல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ‘வீட்டுக்கு அடுப்பெரிக்க வேண்டும்’ என்று சொல்லி மிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் எழுபத்து நாலு தாள் போயிருக்கிறது.

இவர் வேண்டுமென்று செய்யவில்லை. இவருக்கு விடைத்தாளும் நாவலும் ஒன்றுதான். ஆனால் தம்பி நம்புவானா? பொட்டலம் மடிக்கத் தோது என்று இவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஆறு வருஷமாக வராதவன், நிஜமாகவே மடித்துவிட்டார் என்று தெரிந்தால் ஜென்மத்துக்கும் என் வாசலை மிதிக்கமாட்டான். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

போன வாரம் எங்கள் கடையிலிருந்து உன் கடைக்கு வந்த பெருங்காயம், மிளகு, சீரகம் எல்லாம் அந்தத் தாளில்தான் வந்திருக்கிறது. ஒரு தாள் விடாமல் பிடித்துக் கொடு. உன் காலில் விழுகிறேன். மூட்டுவலி உள்ள கால் என்றாலும் பரவாயில்லை.

சொர்ணலதா


முருகன் துணை

போடி,
8-7-1973

சொர்ணத்துக்கு,

சந்தனம்மாள் எழுதுவது. மூட்டுவலி இருக்கிறது, நானும் இருக்கிறேன். உன் வீட்டுக்காரர், பிள்ளை சுகத்தைத் தெரியப்படுத்தவும்.

உன் தம்பி என்னடி, இப்படி எழுதி வைத்திருக்கிறான்? இங்கே பஜாரே அவன் கதையில்தான் கிடக்கிறது. பெருங்காயம் வாங்கிப்போன ஒச்சாண்டி மறுநாள் வந்து, “ஆத்தா, பெருங்காயம் வேண்டாம். அந்தக் கவுன்சிலர் மறைஞ்சு நின்னானே, அங்கன என்ன ஆச்சு? அடுத்த தாளு எந்தப் பொட்டலத்துல இருக்கு?” என்கிறான். சீரகத்தில் இருக்கும் என்று சொல்லி நூறு கிராம் சீரகம் விற்றேன். பாவம், அதில் ஏழாம் வகுப்புப் பூகோளம் இருந்தது.

தராசுக்காரன் வரும் தாள் மூன்று, மொக்கைச்சாமி அண்ணன் கையில் சிக்கிவிட்டது. எடை குறைப்பதில் அவர் பெயர் பெற்றவர் அல்லவா, சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். அவரோ தாளை ஆட்டிக்கொண்டு, “என்னைய வச்சுத்தான் எழுதியிருக்காக! பார்வையிலேயே தட்டை இறக்குற வித்தை எனக்கு முப்பது வருசமா இருக்கே, இது எந்த மெட்ராஸ்காரனுக்குத் தெரிஞ்சுச்சு?” என்று கடை கடையாகக் காட்டிவிட்டு வந்தார். தாளைக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். கண்ணாடி போட்டு மாட்டப்போகிறாராம். பார்த்து ஒரு நகல் எழுதிக்கொண்டேன்.

நகலோடு சேர்த்து முப்பத்தொரு தாள் அனுப்புகிறேன். கம்பத்துக்குப் போனதை அங்கே கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் பார்த்துக்கொள்கிறாராம். பாய் வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் தருவார்களாம்.

சந்தனம்மாள்


அல்லிநகரம்,
17-7-1973

பிரியமான தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். ரூபியின் பல் விழுந்தது. உன் உடம்பு எப்படி? சரியாகச் சாப்பிடு. மனசைத் தளரவிடாதே. எதற்குச் சொல்கிறேன் என்றால், பொதுவாகச் சொல்கிறேன்.

நாவல் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன். சும்மா ஒன்று கேட்கிறேன். அந்த ஜோசியன் கோயில் வாசலில் பொய் சொல்லும்போது கூட்டத்தில் சிரித்தது யார்? நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் வக்கீல் கிணற்றடிக்குப் போகிறான், நூற்று முப்பத்து மூன்றில் ஈரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நடுவில் என்ன ஆயிற்று? எனக்கு மறந்துவிட்டது. பதிலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அப்படியே எழுதிவிடு, அக்காவுக்கு ஞாபகசக்தி குறைந்துபோயிற்று.

கடையில் வியாபாரம் நன்றாக இருக்கிறது. மண்டவெல்லம்தான் சீக்கிரம் சீக்கிரம் தீர்கிறது.

அன்பு அக்கா,
சொர்ணலதா


சென்னை,
25-7-1973

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமா என்றுதான் சந்தேகமாக இருக்கிறது. நாவல் உன் கையில் இருக்கும்போது என்னை ஏன் எழுதச் சொல்கிறாய்? மண்டவெல்லத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

கேட்ட பக்கத்தை ஞாபகத்திலிருந்து எழுதி இணைத்திருக்கிறேன். கோயில் வாசலில் சிரித்தது ஜோசியனின் சொந்தத் தாய்.

ஆகஸ்ட் இருபத்தைந்துக்குள் கட்டு வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் நாவல் போய்விடும். அக்கா, நான் வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

சுந்தர்ராஜ்


அல்லிநகரம்,
18-8-1973

பிரியமான தம்பிக்கு,

சுகம். இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். பதிவுத் தபாலில் இன்று கட்டு வருகிறது. இருநூற்றுப் பன்னிரண்டும் இருக்கிறது, எண்ணிவிட்டேன்.

மழையில் ஓடு ஒழுகியதில் சில தாள் கறைபட்டிருக்கும். சிலதில் மடிப்பு இருக்கும். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எண்பத்தேழு முதல் தொண்ணூறு வரை நாலு தாளை மட்டும் எலி கடித்துவிட்டது. அந்த இடத்தில் வேறு கை எழுதிய நாலு தாள் இருக்கிறது. எழுதியது நான் இல்லை. யாரென்று எனக்கும் தெரியாது. கட்டை அனுப்புவதற்கு முதல்நாள் கல்லாப்பெட்டி மேல் கிடந்தது. எல்லாம் ஊதா எழுத்து. படித்துவிட்டு ஏனோ ஒரு பாடு அழுதேன். பிடிக்காவிட்டால் கிழித்துவிட்டு நீயே எழுதிக்கொள்.

வேறு எதுவும் கேட்காதே.

அன்பு அக்கா,
சொர்ணலதா


சென்னை,
14-9-1973

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் வீட்டு ஓட்டுக்கும் எலிக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அக்கா, எந்த ஊர் மழையில் பெருங்காய வாசம் அடிக்கிறது? கட்டைப் பிரித்ததும் மெஸ்ஸில் எல்லாரும் இன்றைக்கு ரசம் பிரமாதம் என்றார்கள். நாற்பதாம் பக்கத்தில் மஞ்சள் கை. நூற்றுப் பத்தின் ஓரத்தில் யாரோ ‘இவன் உருப்பட மாட்டான்’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். தாளுக்குத் தாள் கூம்பு மடித்த கோடு. மளிகைக்கடைக்காரர் மைத்துனனுக்கு இதுகூடத் தெரியாதா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். சொன்னதைச் செய்துகாட்டிவிட்டார் அத்தான் என்று நினைத்தேன். உனக்கு எழுதக் கூடாது, இனி அந்த ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவு கட்டினேன். பிறகுதான் அந்த நாலு ஊதாத் தாளைப் படித்தேன்.

தராசுக்காரனுக்குப் பிள்ளை பிறக்கிறது. சிட்டுக்குருவி கனம்கூட இல்லை. தேறாது என்று மருத்துவச்சி சொல்லிவிடுகிறாள். பெண்டாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, பால் கொடுக்கவும் மாட்டேன் என்கிறாள். ஊரையே எடையில் ஏமாற்றியவன் பிள்ளையைக் கொண்டுபோய்த் தராசில் கிடத்திப் பார்க்கிறான். தட்டு இறங்குகிறது. “நல்ல கனம், பாரு” என்கிறான். அவள் எழுந்து உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொள்கிறாள். அன்றைக்குப் பிறகு கடையில் தட்டைப் பார்த்தால் அவனுக்குக் கண் நிறைந்துவிடுகிறது, சக்தி பலிப்பதில்லை. எண்பது வரிகூட இல்லை, அக்கா. எழுத்துப்பிழை முப்பது இருக்கும். மூன்று வருஷமாக எனக்கு வராத இடம் இது. பதிப்பகத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இந்த நாலு பக்கத்துக்காகப் போடுகிறேன்” என்றார். டிசம்பர் முதல் வாரம் புத்தகம்!

எழுதியது யார்? கண்டுபிடித்துச் சொல். அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

உன் தம்பி,
சுந்தர்ராஜ்


அல்லிநகரம்,
2-10-1973

பிரியமான தம்பிக்கு,

எல்லாரும் சுகம். இன்று என்னைவிடச் சுகமானவள் தேனியில் கிடையாது. உன் கடிதத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்து, பாயசம் வைத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன்.

ஒளித்தது என் மடத்தனம்தான். அத்தானுக்கு அது உன் நாவல் என்று தெரியாது, சத்தியம். தாள் கொண்டுவந்தால் ஒரு உருண்டை மண்டவெல்லம் என்று சொல்லி, ஜெயமங்கலம், மயிலாடும்பாறை வரைக்கும் ஆள்விட்டுச் சேர்த்தேன். கடையில் அவ்வளவு வெல்லம் குறைந்தும் இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவருக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன், மக்கு!

எழுதினது யார் என்று நானும் பஜாரெல்லாம் சலித்தேன். மொக்கைச்சாமி அண்ணனைக் கேட்டால், “நான்தான்னு வச்சுக்கங்களேன்” என்கிறார். கடைசியில் முந்தாநாள் ரூபி, “அம்மா, அப்பா நாக்கைப் பாரேன்!” என்று கத்தினாள். பார்த்தால் நாக்கு முழுக்க ஊதா. பில் எழுதுகிற காப்பியிங் பென்சிலை, நனைத்தால் ஊதாவாக எழுதுமே அதை, நாக்கில் நனைத்து நனைத்து என்னவோ எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். “நீங்கதானா அது?” என்றேன். “எதும்மா?” என்று சொல்லிவிட்டு எண்ணெய் டின்னை உருட்டிக்கொண்டு போய்விட்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. இப்படி ஒன்றை எப்படி இவர் நினைத்துக் கண்டுபிடித்தார்? ரூபி பிறந்தபோது மருத்துவச்சி அக்கம்மாள் ஏதோ உளறி என்னை அழவிட்டாள், நிஜம். இவர்தான் பிள்ளையைக் கடைக்குத் தூக்கிப்போய் நிறுத்து, ஜன்னல் வழியாக என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டரைக் கிலோ. நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு வா என்று நான் கூப்பிட்டால் வரமாட்டாய். ரோஷக்காரனுக்கு அக்காவாகப் பிறந்த பாவம். பார்ப்போம்.

அன்பு அக்கா,
சொர்ணலதா


அல்லிநகரம், தேனி,
11-12-1973

மாப்பிள்ளை சுந்தர்ராஜ் அவர்களுக்கு,

ஏசுதாசன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சேமம். தங்கள் சேமம் அறிய ஆவல். சரக்குக் கடிதம் தவிர வேறு கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை பொறுக்கவும்.

தங்கள் புத்தகம் இருபது படி வந்து சேர்ந்தது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆள் வந்து, கடை திறக்குமுன் வாசலில் நின்றார்கள். ஒரு படிகூட மிச்சமில்லை. ஒச்சாண்டி, “ஏலே, இதுல எல்லாத் தாளும் வரிசையா இருக்கே!” என்று குதித்தான். மொக்கைச்சாமி அண்ணன் இரண்டு படி வாங்கினார்.

அடுத்த தாள் எங்கே என்று கேட்டு முதல் ஆள் கடைக்கு வந்த அன்றே அது தங்கள் எழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கள் அக்கா வெல்லம் கொடுத்துச் சேர்த்ததும் தெரியும். என்னிடம் வந்த தாளையெல்லாம் அவள் எடுக்கும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு மட்டும் கிடைக்கவில்லை. மடித்தது என் கை. அதனால் நானே எழுத வேண்டியதாயிற்று. தெரியாமல் செய்தேன். ஆனால் விருந்தில் சொன்ன வார்த்தை தெரிந்து சொன்னது. அதற்கு மன்னிக்கவும். இதை எழுதத்தான் இரண்டு மாதமாகப் பென்சிலை நனைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதையும் கற்பனை செய்யவில்லை. ரூபி பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோதான். தட்டின் அடியில் விரல் கொடுத்து இழுத்தேன். என் கடைத் தராசு பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான். உங்கள் அக்காவுக்கு இதுவரை தெரியாது. இப்போது எதிரே உட்கார்ந்து உங்கள் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எண்பதாம் பக்கம் தாண்டிவிட்டாள். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளிடம் கொடுக்கப்போகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வாருங்கள், மாப்பிள்ளை. நான் கூப்பிடுகிறேன். அன்றைக்குத் தொடாமல் போன பிரியாணி பாக்கி இருக்கிறது. ரூபி இப்போது பதினேழு கிலோ இருப்பாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உங்கள் முன்னால் நிறுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏசுதாசன்

தம்பி, படித்துவிட்டேன். அழுதுகொண்டேதான் சிரிக்கிறேன். சீக்கிரம் வா. — அக்கா